வெள்ளி கறுப்பதேன்? வீட்டில் வெள்ளியைப் பாதுகாக்கும் முறை

நம் நாட்டில் வெள்ளி வெறும் அணிகலனாக மட்டும் இருந்ததில்லை. கச்சு நாட்டுக் கால்நடை மேய்ப்போர் குடும்பங்களிலும், ராஜஸ்தானத்துச் சிற்றூர்களிலும், ஒடிஷாவின் மலைவாழ் மக்களிடையிலும், தென்னாட்டுக் குடியானவர் இல்லங்களிலும் அது நெடுங்காலமாகச் சேமிப்பாகவே இருந்து வந்துள்ளது. தங்கம் வாங்க இயலாதவர் வெள்ளி வாங்கினர். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் காற்காப்பாக வீட்டுக்குள் வந்த வெள்ளி, மழை பொய்த்த ஆண்டில் அடகுக் கடைக்குச் சென்றது. இக்காலத்தில் காற்காப்பின் இடத்தைப் பல வீடுகளில் 10 கிராம் நாணயமும், 100 கிராம் கட்டியும், ஒரு கிலோ பாளமும் பிடித்துக்கொண்டுள்ளன. பொருள் மாறினாலும் நோக்கம் மாறவில்லை.

இவ்வாறு சேமித்த வெள்ளியைச் சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்ப்பவர் திடுக்கிடுவதுண்டு. வைக்கும்பொழுது நிலவைப் போல் இருந்தது, எடுக்கும்பொழுது அடுப்படிச் சுவரைப் போல் இருக்கும். வெள்ளி கெட்டுவிட்டது, அல்லது தாம் ஏமாற்றப்பட்டோம் என்னும் அச்சம் எழுகிறது. இந்த அச்சத்தினால் விளையும் நஷ்டம் கறுப்பினால் விளையும் நஷ்டத்தைக் காட்டிலும் பன்மடங்கு பெரியது. சிலர் அதனை மண்ணும் சாம்பலும் இட்டுத் தேய்த்து நகாசு வேலையை அழித்துவிடுகின்றனர். சிலர் தெருவில் வரும் மெருகுக்காரரிடம் கொடுத்து எடையில் இழக்கின்றனர். வேறு சிலர், கறுத்த சரக்கென்று வியாபாரி கழிக்கும் தொகையை வாய் பேசாமல் ஏற்றுக்கொள்கின்றனர். மகளிர் சுய உதவிக் குழுக்களிடையே பணியாற்றும் கள ஊழியர்களிடமும், கிராமப் பள்ளி ஆசிரியர்களிடமும் இதுபற்றிய ஐயங்கள் கேட்கப்படுவது இயல்பே. அவற்றுக்கு விடை கூறத் தேவையான விஞ்ஞானம் மிகவும் எளியது. அதனை இங்கு விளக்குவோம்.

கறுப்பு என்பது யாது?

இரும்பில் துரு, செம்பில் களிம்பு, வெள்ளியில் கறுப்பு என்று மூன்றையும் ஒரே இனமாக எண்ணுவது பொதுவழக்கு. ஆயின் துரு உண்டாவது பிராண வாயுவும் நீரும் இரும்பைத் தாக்குவதால். வெள்ளியோ சாதாரண உஷ்ணநிலையில் தூய பிராண வாயுவுடன் ஏறத்தாழக் கூடுவதே இல்லை. அதன் பகை கந்தகம். காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்கள், ஈரப்பசையும் பிராண வாயுவும் துணை நிற்க, வெள்ளியின் மேற்பரப்பை வெள்ளி சல்பைடு என்னும் கரிய சேர்மமாக மாற்றுகின்றன. இவ்வினையில் நான்கு வெள்ளி அணுக்கள், இரண்டு ஹைட்ரஜன் சல்பைடு மூலக்கூறுகள், ஒரு பிராண வாயு மூலக்கூறு ஆகியவை சேர்ந்து, இரண்டு மூலக்கூறு அளவு வெள்ளி சல்பைடும் இரண்டு மூலக்கூறு நீரும் பிறக்கின்றன. பிராண வாயு இவ்வினையில் துணைவனே. அது வெள்ளியோடு தங்குவதில்லை, நீராகிவிடுகிறது.

எவ்வளவு கந்தகம் தேவைப்படும் என்று கேட்டால், விடை வியப்பளிக்கும். அழுகிய முட்டையின் நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடின் நாற்றமே. நம் மூக்கு அதனைக் காற்றின் 100 கோடிப் பங்கில் சில பங்குகள் இருந்தாலே அறிந்துவிடும். வெள்ளியோ, 100 கோடியில் ஒரு பங்கினும் குறைவாக இருக்கும் காற்றில்கூட நாளடைவில் நிறம் மாறும். அன்றியும், உலகெங்கும் காற்றில் கார்பனைல் சல்பைடு என்னும் மற்றொரு கந்தக வாயு இயற்கையாகவே பரவியுள்ளது. அதன் அளவு ஏறத்தாழ 200 கோடியில் ஒரு பங்கு. கடலிலிருந்தும் எரிமலைகளிலிருந்தும் வரும் இவ்வாயுவும் வெள்ளியைக் கறுக்கச் செய்ய வல்லது. ஆகவே ஆலைப் புகையே அறியாத மலைச் சிற்றூரிலும் வெள்ளி ஒரு நாள் மங்கியே தீரும். அங்கு அதற்கு ஆண்டுகள் பல பிடிக்கும். நகரத்துச் சாக்கடையோரத்தில் சில வாரங்களே போதும்.

நிறம் மாறும் வரிசையைக் கூர்ந்து கவனிப்பது பயன் தரும். முதலில் வெளிறிய மஞ்சள். பின்னர் பழுப்பு, ஊதா, நீலம். இறுதியில் கறுப்பு. சோப்புக் குமிழியில் தோன்றும் நிறங்களை ஒத்தவை இவை. மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் இந்நிறங்கள் உண்டாகின்றன. மஞ்சள் நிலையில் படலத்தின் கனம் ஒரு மைக்ரானில் நூறில் சில பங்குகளே. நன்கு கறுத்த நிலையில் அது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கை எட்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மஞ்சள் தோன்றிய உடனேயே கவனித்தால் மெல்லிய துணியால் துடைத்தே போக்கிவிடலாம் என்பதால்தான் இவ்வரிசை முக்கியமாகிறது.

தூய வெள்ளியைவிடச் செம்பு கலந்த வெள்ளி விரைவில் கறுக்கும். தூய வெள்ளி மென்மையானதாகையால் பாத்திரத்துக்கும் நகைக்கும் செம்பு சேர்ப்பது வழக்கம். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியுள்ள சரக்கில் மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பே. அச்செம்பு கந்தகத்தோடும் கூடும், பிராண வாயுவோடும் கூடும். ஆகவே, பக்கத்துப் பக்கத்தில் வைத்த 999 தரக் கட்டியும் 800 தரக் கொலுசும் ஒரே வேகத்தில் கறுப்பதில்லை. முற்றிலும் கறுக்காத வெள்ளியே நல்ல வெள்ளி என்று சிலர் கூறுவர். அது தவறு. ரோடியம் முலாம் பூசிய நகையும், அலுமினியமும், துருப்பிடிக்காத எஃகும் கறுப்பதில்லை. பூசப்படாத உண்மையான வெள்ளி கறுக்கும்.

இழப்பு எவ்வளவு? ஒரு கணக்கு

ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். எடுத்துக்காட்டாக, பல வீடுகளில் இன்றும் பேணப்படும் பழைய ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்வோம். 1835-இல் நிர்ணயிக்கப்பட்ட அளவின்படி அதன் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் 12-இல் 11 பங்கு, அதாவது 10.69 கிராம் வெள்ளி. இரண்டு முகங்களும் விளிம்பும் சேர்ந்து அதன் மேற்பரப்பு சுமார் 16 சதுர சென்டிமீட்டர். அது முழுவதும் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குக் கறுத்துவிட்டதாகக் கொள்வோம். படலத்தின் கன அளவு 0.00016 கன சென்டிமீட்டர். வெள்ளி சல்பைடின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம். ஆகவே படலத்தின் எடை 1.15 மில்லிகிராம். வெள்ளி சல்பைடில் 100-க்கு 87 பங்கு வெள்ளி. எனவே கறுப்பாக மாறிய வெள்ளி ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மில்லிகிராம் வெள்ளியில் ஒரே ஒரு மில்லிகிராம்! ஆயிரம் ரூபாய் பெறுமான வெள்ளியில் இது பத்துப் பைசாவுக்கும் சற்றுக் குறைவு. அந்த ஒரு மில்லிகிராமும் எங்கும் போய்விடவில்லை. அது நாணயத்தின் மீதே உள்ளது, உருக்கினால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். இன்னும் சொல்லப்போனால், கறுத்த நாணயம் கந்தகத்தை ஏற்றதனால் எடையில் கூடியிருக்கிறது. அக்கூடுதல் 0.15 மில்லிகிராம். கடைத் தராசு இதனைக் காட்டாது. ஆயினும் கறுப்பைக் காரணங்காட்டி நூற்றுக்கு ஐந்தோ பத்தோ கழிப்பது எவ்வளவு நியாயமற்றது என்பதனை இக்கணக்கு காட்டிவிடும். வியாபாரி கழிப்பதற்கு உரிய காரணங்கள் வேறு உள்ளன. பற்றாசு, உள்ளே நிரப்பிய அரக்கு, கல், தர வேறுபாடு ஆகியவை அவை. அவற்றுக்காகக் கழிக்கட்டும், கறுப்புக்காகக் கழிக்க வேண்டியதில்லை.

தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிறத்தைக் கொண்டு தரத்தை மதிப்பிடுவது பிழை. வெள்ளிக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் முத்திரை 2005-இல் தொடங்கப்பட்டது. ஐ.எஸ். 2112 என்னும் தரவரையறையின்படி 990, 925, 835, 800 போன்ற எண்கள் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு வெள்ளி என்பதைக் குறிக்கும். பழைய நாணயங்களில் மற்றொரு குழப்பம் உண்டு. 1940-இல் ரூபாயின் வெள்ளி அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. மீதிப் பாதி செம்பு, நிக்கல், துத்தநாகம். 1947-இல் வெளிவந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, அது நிக்கல். ஒரே பையில் மூன்று வகையும் இருப்பின் மூன்றும் மூன்று விதமாகவே மங்கும். மங்கியவை போலி என்றும் மங்காதவை அசல் என்றும் பிரித்துவிடலாகாது. மேற்கூறிய நிக்கல் ரூபாயே எல்லாவற்றிலும் பளபளப்பாக இருக்கும்!

கந்தகம் வரும் வழிகள்

வெள்ளியைக் காக்க விரும்புவோர் முதலில் வீட்டிலுள்ள கந்தகத்தைத் தேடிக் காணவேண்டும். சமையலறையில் முட்டை, வெங்காயம், பூண்டு, பெருங்காயம், கடுகு ஆகியவற்றில் கந்தகச் சேர்மங்கள் உள்ளன. வெள்ளிக் கரண்டியால் அவித்த முட்டையை உண்டால் அது மேசையிலேயே பழுப்பதைக் காணலாம். கழிவுநீர்க் கால்வாய், கழிப்பறைத் தொட்டி, சாண எரிவாயுக் கலம் ஆகியவற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படுகிறது. நிலக்கரிப் புகையிலும் கந்தகம் உண்டு. தீபாவளிப் பட்டாசு மருந்தில் கந்தகம் ஒரு முக்கியப் பொருளாகையால் பண்டிகை முடிந்த வாரத்தில் பூஜைப் பாத்திரங்கள் மங்குவதில் வியப்பில்லை. ஆனால் விளக்குப் புகையால் படியும் கரி வேறு. ஈரத் துணியால் துடைத்தால் அது துணியில் ஒட்டிக்கொள்ளும். சல்பைடுக் கறுப்பு அவ்வாறு ஒட்டாது. இவ்வேறுபாட்டை அறியாது, வெறும் கரிக்காக வெள்ளியைச் சுரண்டுவோர் பலர்.

எனினும் பெட்டிக்கு வெளியே உள்ள கந்தகத்தைவிடப் பெட்டிக்குள்ளேயே நாம் வைக்கும் கந்தகம்தான் கொடியது. கம்பளி இதில் முதலிடம் பெறும். ஆட்டு ரோமத்தின் புரதத்தில் கந்தகம் இயற்கையாகவே அமைந்துள்ளது. விலையுயர்ந்த பொருளென்று கருதி வெள்ளியைக் கம்பளித் துணியில் சுற்றி வைப்பவர் அதனைத் தம் கையாலேயே கறுக்கச் செய்கின்றனர். அடுத்தது ரப்பர். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறையில், ரப்பருக்கு உறுதியூட்டக் கந்தகம் சேர்க்கப்படுகிறது. நாணயங்களை ரப்பர் வளையமிட்டுக் கட்டி வைத்தால், வளையம் பட்ட இடத்தில் அழியாக் கோடு போல் ஒரு கரிய வரி விழும். காற்றுப் புகாதிருக்கும் என்று எண்ணி ரப்பர் விளிம்புள்ள டப்பாவைத் தேர்ந்தெடுப்பதும் இதே பிழை. செய்தித்தாளிலும், மலிவான அட்டைப் பெட்டியிலும், சில சாயத் துணிகளிலும் கந்தகச் சேர்மங்கள் எஞ்சியிருக்கும். நம் வீடுகளில் செய்தித்தாளில் பொதியாத பொருள் எது? ஆயினும் வெள்ளிக்கு அது ஆகாது.

உப்பும் வியர்வையும் தனி வகையைச் சேர்ந்தவை. உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடு கூடி வெள்ளியையும் அதில் கலந்த செம்பையும் அரிக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் இதற்குத் துணை செய்யும். கை விரல் பட்ட இடத்தில் மட்டும் ரேகையுடன் கறை தோன்றுவதற்கு வியர்வையே காரணம்.

பத்திரப்படுத்தும் முறை

வைக்கும் நாளில் பொருள் சுத்தமாகவும் உலர்ந்தும் இருத்தல் வேண்டும். அழுக்கோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் வைத்த வெள்ளியை எந்தப் பெட்டியும் காக்காது. இளஞ்சூடான நீரில் சில துளி மென்மையான சோப்புக் கரைசல் விட்டுக் கழுவி, நல்ல நீரில் அலசி, பழைய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, நிழலில் சில மணி நேரம் உலரவிடவேண்டும். கொலுசின் முத்துக்களுக்குள்ளும் ஒடிஷாவின் கட்டாக் நகரத்துக் கம்பி வேலைப்பாடுகளின் இடுக்குகளிலும் நீர் தங்கும். அவற்றை ஒருநாள் முழுதும் உலர்த்துவது நன்று. பின்னர் வெறுங்கையால் தொடாமல் துணியால் பிடித்தே எடுக்கவேண்டும்.

சுற்றுவதற்குச் சாயமிடாத, பலமுறை துவைத்த பருத்தித் துணி மிகவும் ஏற்றது. பழைய வேட்டித் துண்டே போதும், கஞ்சியிடாததாக மட்டும் இருக்கவேண்டும். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே சுற்றி, அதனைப் பாலித்தீன் பையில் இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மூடவேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை. பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றல்ல. பாலித்தீன், பாலிபுரோப்பிலீன், பாலியெஸ்டர் ஆகியவை தீங்கற்றவை. பி.வி.சி. எனப்படும் பிளாஸ்டிக்கோ நாளடைவில் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளியிடும். அதனை வளைவதாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருளும் கசியும். நாணயப் பைகளில் சில ஆண்டுகளுக்குப் பின் பசை போன்ற பச்சைக் கறை தோன்றுவது இதனால்தான்.

இரண்டையும் பிரித்தறிய ஆய்வுக்கூடமுள்ள பள்ளிகளில் ஒரு சிறு சோதனை செய்யலாம். ஒரு செப்புக் கம்பியைச் சுடரில் காய்ச்சி, சுடர் நிறமற்றதாகும் வரை வைத்து, சூடான முனையால் பிளாஸ்டிக்கைத் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டவேண்டும். பச்சை நிறச் சுடர் எழுந்தால் குளோரின் உள்ளது, அது பி.வி.சி. ஆகக்கூடும். அப்பையை வெள்ளிக்குப் பயன்படுத்தலாகாது. சோதனையில் எழும் புகை நச்சுடையதாகையால் சிறு துணுக்கே போதும், சன்னலும் திறந்திருக்கவேண்டும்.

அடுத்து ஈரத்தை அகற்றுதல். மருந்துப் புட்டிகளிலும் காலணிப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பலர் எறிந்துவிடுகின்றனர். சேர்த்து வைத்தால் அவை இங்கு உதவும். ஆனால் பழைய பொட்டலம் ஏற்கெனவே ஈரத்தை உண்டு நிறைந்திருக்கும். அதனால் பயனில்லை. நிறங்காட்டும் மணிகளை வாங்கினால், அவை நிறம் மாறும்பொழுது ஈரம் நிறைந்துவிட்டதென்று அறியலாம். ஏறத்தாழ 120 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மணிகள் புத்துயிர் பெறும். சமையல் பாத்திரத்தில் இவற்றைச் சூடாக்கக் கூடாது. நிறத்துக்காகச் சேர்க்கப்படும் கோபால்ட் உப்பு நச்சுத்தன்மையுள்ளது.

ஈரத்தைக் குறைத்தால் வினையின் வேகம் குறையும், கந்தகம் அகலாது. கந்தகத்தைப் பிடிக்கக் கிளர்வூட்டிய கரி பயன்படும். அதன் ஒரு கிராமில் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் உட்பரப்பு உண்டு. ஒரு சிறு துணிமுடிச்சில் கரியைக் கட்டி, வெள்ளியின் மீது படாமல் பெட்டியின் மூலையில் வைக்கலாம். மேல்நாடுகளில் நெடுங்காலமாக வழங்கும் மற்றொரு முறை, நுண்ணிய வெள்ளித் துகள்கள் ஏற்றிய பருத்தித் துணி. பெட்டிக்குள் நுழையும் கந்தக வாயுவை அத்துகள்கள் முதலில் தாம் ஏற்றுக்கொண்டு கறுத்து, உள்ளிருக்கும் பொருளைக் காக்கின்றன. சுண்ணக்கட்டியும் கற்பூரமும் வைப்பது சில வீடுகளின் வழக்கம். சுண்ணக்கட்டி சிறிது ஈரத்தை உறிஞ்சும், அவ்வளவே. கற்பூரம் கந்தகத்தைப் பிடிப்பதில்லை. அதனை நம்பியிருக்க வேண்டாம்.

இவை அனைத்தையும் கொள்ளும் பெட்டி, இறுக மூடும் எஃகு அல்லது தகர டப்பாவாக இருக்கட்டும். சமையலறைக்கும் கழிப்பறைக்கும் ஒட்டிய சுவரில் உள்ள அலமாரி தகாது. சிலர் வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்பர். பெட்டகம் கள்வரைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. அது நிலவறையில் இருப்பின் மழைக்காலத்தில் ஈரமும் மிகும். பையும் சிலிக்கா ஜெல்லும் அங்கும் தேவை. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து முத்திரையிட்ட உறையில் வந்த கட்டிகளை உறையோடு விட்டுவிடுவதே நலம். உறை பிரித்த கட்டியை வாங்குவோர் மீண்டும் சோதிக்கக் கேட்பர். அச்செலவு விற்பவர் தலையிலேயே விழும்.

பெட்டியை அடிக்கடி திறத்தல் வேண்டா. ஒவ்வொரு முறை திறக்கும்பொழுதும் புதிய காற்றும் புதிய ஈரமும் உட்புகுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் கழிந்து நன்கு வெயில் காயும் ஒரு நாளில், எடுத்துப் பார்த்து, சிலிக்கா ஜெல்லையும் கரியையும் புதுப்பித்து மூடினால் போதுமானது. அப்பொழுதே ஒவ்வொரு பொருளின் எடை, தரம், வாங்கிய ஆண்டு ஆகியவற்றை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி வைப்பது நல்லது. குடும்பத் தலைவர் மறைந்த பின் எது 925, எது 800, எது ஜெர்மன் சில்வர் என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே விலைக்குக் கொடுத்துவிடும் விதவைகளைக் கள ஊழியர்கள் அறிவார்கள். ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. பெயரில் தவிர அதில் வெள்ளி இல்லை.

கறுத்துவிட்ட பின்

மேற்கூறிய கணக்கை ஏற்றுக்கொண்டால், சேமிப்புக்காக வைத்த கட்டி கறுத்ததற்காக ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்பது விளங்கும். பழைய நாணயங்களைத் தொடவே கூடாது. நாணயம் சேகரிப்போர் இயற்கையாக மங்கிய நாணயத்துக்கே மதிப்பளிப்பர். தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயம் அவர்களிடம் வெறும் வெள்ளி விலைக்கே போகும்.

அன்றாடம் பயன்படும் பாத்திரத்தைத் துலக்கத்தான் வேண்டும். நம் வழக்கப்படி திருநீறு, அடுப்புச் சாம்பல், பற்பொடி ஆகியவற்றால் தேய்ப்பர். இவை கறுப்பைக் கரைப்பதில்லை, சுரண்டுகின்றன. சாம்பலிலும் பற்பொடியிலும் வெள்ளியைவிடக் கடினமான துகள்கள் உண்டு. கறுப்பு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கே. தேய்ப்பு அதனோடு நிற்பதில்லை. பாட்டி காலத்துக் குங்குமச் சிமிழில் மயிலின் தோகை மறைந்து வெறும் மேடாக நிற்பது இதனால்தான். புளி பித்தளையைத் துலக்குவதுபோல் வெள்ளியைத் துலக்காததற்கும் காரணமுண்டு. புளியின் அமிலம் செம்பின் ஆக்ஸைடைக் கரைக்கும், வெள்ளி சல்பைடைக் கரைக்காது. சலவைக்குப் பயன்படும் வெளுப்பு நீரை வெள்ளியின்மேல் விடவே கூடாது. அதிலுள்ள குளோரின் வெள்ளியை வெள்ளி குளோரைடாக மாற்றிக் கறை மேல் கறை சேர்க்கும்.

சுரண்டாமல் கறுப்பை நீக்க ஒரு மின்வேதி முறை உண்டு. கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் வெள்ளிப் பொருளைத் தாளோடு தொடுமாறு வைத்து, ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றவேண்டும். அலுமினியம் வெள்ளியைவிட எளிதில் எலெக்ட்ரான்களை இழக்கும் உலோகம். அது இழந்த எலெக்ட்ரான்கள் வெள்ளி சல்பைடை அடைந்து அதனை மீண்டும் வெள்ளியாக்குகின்றன. விடுபட்ட கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறுவதை மூக்கே அறிவிக்கும். சன்னலைத் திறந்து வைப்பது அவசியம். சில நிமிடங்களில் கறுப்பு மறையும். இழந்த வெள்ளியின் பெரும்பகுதி அப்பொருளின்மீதே திரும்பப் படிகிறது என்பது இம்முறையின் சிறப்பு. ஆனால் மீண்ட பரப்பு சற்று மங்கலாகவும் நுண்துளைகள் கொண்டும் இருப்பதால் மறுபடி விரைவில் கறுக்கக்கூடும். உடனே நன்கு அலசி உலர்த்தி, மென்துணியால் மெருகிடவேண்டும். கல் பதித்தவை, மீனா வேலை செய்தவை, உள்ளே அரக்கு நிரப்பிய வளையும் காப்பும் ஆகியவற்றை இம்முறைக்கு உட்படுத்தலாகாது. கொதிநீரில் அரக்கு இளகி ஓடிவிடும். வேண்டுமென்றே இருளாக்கிய பள்ளங்களைக் கொண்ட நகைகளும் தம் எழிலை இழந்து வெளிறிப்போகும்.

தெருவில் வரும் மெருகுக்காரரைப் பற்றியும் சொல்லவேண்டும். நேர்மையானவர் உண்டு. ஆயின் நைட்ரிக் அமிலம் கலந்த நீரில் நகையைத் தோய்த்துப் பளபளப்பாக்கி, கரைந்த வெள்ளியை நீரோடு எடுத்துச் செல்வோரும் உண்டு. கொடுக்கும்முன் எடை, வாங்கியபின் எடை என்னும் விதி ஒன்றே இதற்குக் காப்பு. ஐயம் எழுந்தால், அவர் பாத்திரத்தில் எஞ்சிய நீரில் சிறிது எடுத்து, தூய நீரில் கரைத்த சாதாரண உப்பைச் சில துளி விட்டுப் பார்க்கலாம். தயிர் போன்ற வெண்மையான வீழ்படிவு உண்டாகி, அது வெயிலில் ஊதாவாகக் கறுத்தால், அந்நீரில் வெள்ளி கரைந்துள்ளது. அமிலநீர் தோலைச் சுடுமாகையால் கையால் தொடலாகாது.

வகுப்பறைச் சோதனைகள்

இனிப்புகளின்மேல் ஒட்டும் வெள்ளித் தாள் சோதனைக்கு மிகவும் மலிவான பொருள். மூடியுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெள்ளித் தாளின் ஒரு துண்டை மூடியின் உட்புறத்தில் தொங்கவிடுக. முதற் புட்டியில் ஒன்றும் இட வேண்டாம். இரண்டாவதில் நன்கு அவித்த முட்டையின் மஞ்சட்கருவை உதிர்த்து இடுக. மூன்றாவதில் மஞ்சட்கருவோடு, ஒரு துணிமுடிச்சில் கிளர்வூட்டிய கரியையும் இடுக. இரண்டாம் புட்டியில் தாள் மஞ்சள், பழுப்பு, நீலம் என்று நிறம் மாறுவதையும், மூன்றாவதில் அது தாமதமாவதையும் மாணவர் நேரிற் காண்பர். இரண்டாம் புட்டியிலும் தாள் சற்றும் மாறாவிடில், சோதனை தவறியதென்று முடிவு கட்டவேண்டாம். கடையில் விற்றது அலுமினியத் தாளாக இருக்கலாம். ஒரு துண்டைச் சுடரில் காட்டினால், வெள்ளி உருகிச் சிறு ஒளிர்மணியாகத் திரளும். அலுமினியம் கருஞ்சாம்பலாக நிற்கும்.

பெட்டிக்குள் வைக்க எண்ணும் துணியோ காகிதமோ தகுதியானதா என்று அறிய மற்றொரு சோதனை உண்டு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பார் 1973-இல் வெளியிட்ட முறை அது. காட்சிப் பேழைகளுக்கான துணி, மரம், வண்ணம் ஆகியவற்றைச் சோதிக்க உலகெங்கும் பொருட்காட்சி சாலைகள் இதனைப் பின்பற்றுகின்றன. ஐயத்துக்குரிய பொருளோடு வெள்ளி, செம்பு, ஈயம் ஆகிய மூன்றின் துண்டுகளையும் மூடிய குழாயில் இட்டு, முழு ஈரத்தில், 60 டிகிரி உஷ்ணத்தில் 28 நாட்கள் வைப்பர். பள்ளியில் 60 டிகிரியை நிலைநிறுத்தும் அடுப்பு இராது. அதனாலென்ன? துணியின் ஒரு துண்டு, நன்கு துலக்கிய வெள்ளிக் கம்பி, நீரில் நனைத்த சிறு பஞ்சு ஆகியவற்றை ஒன்றையொன்று தொடாதவாறு ஒரு புட்டியில் இட்டு மூடி, வெயில் படும் மாடத்தில் ஒரு மாதம் வைத்தால் போதும். துணியில்லாத மற்றொரு புட்டியை ஒப்பிடுவதற்காக அருகில் வைக்கவேண்டும். துணியுள்ள புட்டியில் மட்டும் கம்பி பழுத்தால் அத்துணியை வெள்ளிப் பெட்டிக்கு விலக்குக. கம்பளி, பருத்தி, செய்தித்தாள், வெல்வெட் ஆகிய நான்கையும் ஒரே வேளையில் சோதிக்கும்படி மாணவரை நான்கு குழுக்களாகப் பிரிக்கலாம். அவரவர் வீட்டுத் துணியையே கொண்டுவரச் சொல்வது நன்று.